விழுகிற ட்ரிப்பரின் வாயைக் கட்டாதீர்கள்!



சென்ற பருவத்தில் மக்காச்சோளப் படைப்புழுவைப் பார்க்க கல்வராயன்மலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பயிரைப் பார்த்து முடித்து, வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் மெயின் பாக்ஸ் மூடியில்லாமல் இருந்தது. உள்ளே நல்ல கம்பெனி ட்ரிப்பர். ஆனால் அதன் கீழ்ப்பக்கத்தில் ஒயரே இல்லை. வீட்டுக்குள் போக வேண்டிய இரண்டு ஒயர்களையும் மேலே இழுத்து, வருகிற ஒயர்களோடு சேர்த்து ஒரே திருகில் முறுக்கியிருந்தார்கள்.

"இது என்னம்மா இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"மழை வந்தா விழுந்துகினே இருந்துச்சு சார். ஒரு பையன் வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போனான். இப்ப விழறதே இல்ல" என்றார் அந்த அம்மா, நிம்மதியாக.

ட்ரிப்பரில் இருந்த டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். கருவி டக்கென்று விழுந்தது. ஆனால் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. கருவி இருந்தது, அதற்கும் வீட்டுக்கும் தொடர்பு இல்லை. அந்த அம்மா முகத்தில் அப்போது வந்த பயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

விதி வந்தது, வேலை கெட்டது

இந்தியாவில் மின்சாரம் தாக்கி 2021-ம் ஆண்டில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023-ம் ஆண்டில் மின் விநியோக விதித் தொகுப்பைத் திருத்தி, மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. அதன்பின் கடைகளில் இந்தக் கருவிகள் நிறைய விற்கின்றன. புதிதாகக் கட்டும் வீடுகளில் பொருத்தவும் செய்கிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பழைய ஒயரிங், ஈரச் சுவர், எலி கடித்த ஒயர் இருக்கிற வீட்டில் இந்தக் கருவியை மாட்டினால் அது அடிக்கடி விழும். அது விழுவது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான். ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? கசிவைத் தேடுவதில்லை. கருவியைத்தான் "சரிசெய்கிறோம்". ராத்திரி நாய் குரைக்கிறது என்று எழுந்து போய்த் திருடன் இருக்கிறானா என்று பார்க்காமல், நாயின் வாயைக் கட்டிவிட்டுப் படுப்பது போல.

கருவியே இல்லாத வீட்டில் ஆட்கள் கொஞ்சம் பயந்து நடப்பார்கள். கருவி இருக்கிறது என்று நம்பிய வீட்டில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுவார்கள். அதனால்தான் வாய் கட்டிய ட்ரிப்பர், ட்ரிப்பரே இல்லாததைவிட மோசம் என்கிறேன்.

எது எதற்கு?

கிராமத்தில் எல்லாவற்றையும் "ட்ரிப்பர்" என்றே சொல்கிறோம். கடையில் போய் ட்ரிப்பர் கேட்டால் ஒருவர் எம்.சி.பி. தருவார், இன்னொருவர் ஆர்.சி.சி.பி. தருவார். இரண்டும் வேறு வேறு.

ஃபியூஸ் கட்டையும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்றுபவை. ஒயரில் தாங்க முடியாத அளவு மின்சாரம் ஓடினால், அல்லது ஷார்ட் சர்க்யூட் ஆனால், துண்டிக்கும். தீப்பிடிக்காமல் தடுக்கும். மனிதனைக் காப்பாற்றுவது அவற்றின் வேலை அல்ல.

மனிதனையும் மாட்டையும் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள், அரசு அறிவிப்புகளில் ஆர்.சி.டி. என்று வரும். இதில் 'டி' எழுத்து போட்ட சின்னப் பட்டன் ஒன்று இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். எம்.சி.பி.யில் இந்தப் பட்டன் இருக்காது. இதுதான் சுலபமான அடையாளம்.

கணக்கைப் பாருங்கள். ஈரமாக இருக்கும் உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம். 230 வோல்ட்டைத் தொட்டால் உடம்பு வழியாக ஓடுவது சுமார் 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த ஒயரை விட முடியாமல் கை இறுகத் தொடங்கும். முப்பதைத் தாண்டினால் மூச்சு திணறலாம். ஐம்பது, நூறு என்று ஏறும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியர். ஒருவர் உயிர் போகும் அளவு மின்சாரத்தைப்போல் எழுபது மடங்கு ஓடினால்தான் அது ஏதோ நடக்கிறது என்றே உணரத் தொடங்கும்.

ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி. பேஸ் ஒயரில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வாய்க்காலின் தலைமடையில் விட்ட தண்ணீரும் கடைமடைக்கு வந்த தண்ணீரும் ஒன்றா என்று பார்க்கிற மாதிரி. நடுவில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ மண்ணுக்குள் போகிறது, ஒருவேளை ஒரு ஆளின் உடம்பு வழியாகப் போகிறது என்று எண்ணி, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1961-ல் உருவாக்கினார். மின்சாரம் பிடித்த கையை எந்த அளவில் மனிதனால் விடுவித்துக்கொள்ள முடியும் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர்.

ஒரு எச்சரிக்கை. பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் பிடித்தால், போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்துவிடும். இந்தக் கருவிக்குத் தெரியாது. ஆகவே இது இருக்கிறதே என்று கரண்ட்டை நிறுத்தாமல் வேலை பார்க்கக் கூடாது.

மலையில் இது இன்னும் முக்கியம்

"எங்க வீட்டுல எர்த் போட்டிருக்கோம், அது போதாதா?" என்று வெள்ளிமலைப் பக்கம் கேட்பவர்கள் உண்டு. கல்வராயன்மலையில் மேல்மண் கொஞ்சம், அடியில் பாறை. மூன்றடி தோண்டினாலே கடப்பாரை தெறிக்கும் இடங்கள் உண்டு. அங்கே எர்த் பைப் முழு ஆழத்துக்கு இறங்காது. கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த்தின் மின்தடை இன்னும் கூடும்.

எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரின் உடம்பில் பேஸ் பட்டுவிட்டது. 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. கிரைண்டரின் உடம்பு கரண்ட்டோடு அப்படியே நிற்கும். அதே வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால், எர்த்தின் தடை 500 ஓம் ஆகவே இருந்தாலும் கசிவு 460 மில்லி ஆம்பியர். 30-க்கே விழுகிற கருவி உடனே விழுந்துவிடும். அதாவது எர்த் மோசமான இடத்தில் உயிருக்கு இருக்கிற பெரிய காவல் இந்தக் கருவிதான். மலைக் கிராமத்தில் அதன் வாயைக் கட்டினால் கையில் எதுவுமே மிஞ்சாது. எர்த் வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. இரண்டும் வேண்டும்.

நம் பகுதியில் நடக்கும் ஆபத்தான பழுதுநீக்கங்கள்

முதலாவது, மேலே சொன்ன நேர் இணைப்பு. கருவியைத் தாண்டி ஒயரை இணைப்பது.

இரண்டாவது, கருவியைப் பிரித்துச் "சர்வீஸ்" செய்வது. ஆர்.சி.சி.பி.யின் உள்ளே ஒரு சின்னக் காந்த ரிலே உண்டு. மிக மிகச் சிறிய மின்சாரத்துக்கு அசையும்படி தொழிற்சாலையில் அளந்து மூடியது. ரிவிட்டைப் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் அடித்து, பசை வைத்து ஒட்டினால் லீவர் ஏறி இறங்கலாம். ஆனால் 30-ல் விழுமா, 300-ல் விழுமா, விழவே விழாதா என்று அதற்குரிய சோதனைக் கருவி இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. பிரித்த கருவியை மறுபடி மாட்டக் கூடாது.

மூன்றாவது, ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த செம்புக் கம்பியை நாலைந்து இழை முறுக்கிப் போடுவது. அது எந்த ஆம்பியரில் உருகும் என்று போட்டவருக்கே தெரியாது. பல சமயம் கம்பிக்கு முன்னால் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரிந்துவிடும்.

நான்காவது, எம்.சி.பி. விழுகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 அல்லது 40 போடுவது. எம்.சி.பி.யின் அளவு ஒயரின் தடிமனைப் பொறுத்தது, நம் பொறுமையைப் பொறுத்தது அல்ல. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் கூரை தீப்பிடிக்க வழி செய்கிறோம்.

ஐந்தாவது, மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்து, இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது. உடைத்தது எர்த் பின். அதோடு எர்த் பாதுகாப்பு போய்விடும்.

பம்புசெட்டிலும் இதே கதைதான். ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்தால் குச்சி செருகி, நூல் கட்டி நிறுத்துகிறார்கள். மோட்டாரும் போகிறது, சில நேரம் சுவிட்சைத் தொட்டவரும் போகிறார்.

ஏன் விழுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ட்ரிப்பர் விழுந்த உடனே ஓடிப்போய்த் தூக்கிவிடாதீர்கள். இதை வீட்டில் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். குளியலறையிலோ மாட்டுக் கொட்டகையிலோ ஒருவர் ஷாக் வாங்கியதால் அது விழுந்திருக்கலாம். நீங்கள் தூக்கினால் அவர்மேல் மறுபடி கரண்ட் பாயும். முதலில் குரல் கொடுத்து, வீட்டில் உள்ள அத்தனை பேரும் பதில் சொல்கிறார்களா என்று எண்ணுங்கள்.

எல்லோரும் நலம் என்றால், கை காய்ந்திருக்க, காலில் செருப்போடு இப்படிச் செய்யுங்கள்.

1. எல்லா எம்.சி.பி.களையும் இறக்குங்கள். மிக்ஸி, கிரைண்டர், டிவி, மோட்டார் என எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

2. ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்குங்கள். அப்போதே விழுந்தால் கோளாறு மெயின் பாக்ஸிலோ கருவியிலோ அதை ஒட்டிய நியூட்ரல் இணைப்பிலோ இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

3. நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த வழியின் ஒயரில் கசிவு. மழைக்கு மட்டும் விழுந்தால் பெரும்பாலும் ஈரம் இறங்கும் சுவர், வெளியே இருக்கும் சுவிட்ச் பெட்டி, வாசல் விளக்கு, தகரக் கூரையில் உரசும் ஒயர் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம்.

4. அதுவும் நின்றால் கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. வாட்டர் ஹீட்டர் காயில், பழைய கிரைண்டர், கேபிள் உரிந்த போர் மோட்டார் ஆகியவை அடிக்கடி மாட்டுபவை. அதைப் பழுதுநீக்கும் வரை செருகாதீர்கள்.

இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இன்னொரு காரணம் உண்டு. இன்வெர்ட்டரின் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் தப்பாகச் சேர்த்துவிட்டால் கசிவே இல்லாமலும் ஆர்.சி.சி.பி. விழும். அதற்குத் தீர்வு நியூட்ரல்களைப் பிரிப்பது, கருவியைக் கழற்றுவது அல்ல. மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் வழியில் கரண்ட் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த கருவி

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. டிசம்பர் 2-ல் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்டது. திருக்கோவிலூர்ப் பகுதியில் ஆற்றோரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படி மெயின் பாக்ஸ் மூழ்கும்போது நாம் செய்வது, வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுவதுதான்.

வெள்ளத் தண்ணீரில் சேறு, உப்பு, உரம் எல்லாம் கலந்திருக்கும். காய்ந்த பிறகும் உள்ளே படிந்த மண்ணும் துருவும் ரிலேயை இறுக்கிவிடும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். ஃபியூஸ், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகியவை ஒருமுறை மூழ்கினால் மாற்ற வேண்டும், காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதே உலகெங்கும் உற்பத்தியாளர்கள் தரும் அறிவுரை. அன்று நனைந்த கருவி இன்றும் உங்கள் வீட்டில் இருந்தால், அதுதான் இந்த வாரம் நீங்கள் மாற்ற வேண்டிய முதல் பொருள். புதிதாக மாட்டும்போது பெட்டியை வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

மாட்டுக் கொட்டகையை மறக்காதீர்கள்

மனிதனைவிட மாட்டுக்கு மின்சாரம் சுலபமாகப் பாயும். மாட்டின் உடம்பு மின்தடை சுமார் 500 ஓம்தான். செருப்பும் இல்லை, சாணமும் மூத்திரமும் ஊறிய ஈரத் தரையில் நிற்கிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், தரையில் கசிந்த மின்சாரம்கூட உடம்பு வழியாக ஓடும். தொட்டியில் வாய் வைக்கத் தயங்குவது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் கால் மாற்றி மாற்றி வைப்பது, பால் கறக்கும்போது காரணம் இல்லாமல் உதைப்பது ஆகியவை தெரிந்தால், திருஷ்டி என்று சுற்றிப் போடுவதற்கு முன் தீவனம் வெட்டும் இயந்திரம், கொட்டகை விளக்கு, இரும்புத் தூண் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல சமயம் வீட்டில் கசிவு இருப்பதை முதலில் சொல்வது மாடுதான்.

இனி செய்ய வேண்டியவை

டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். நினைவில் நிற்க ஒரு வழி: சித்திரை, ஆடி, ஐப்பசி, தை மாதங்களின் முதல் நாள். கருவியில் மாதம் ஒருமுறை என்று எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். அழுத்தும்போது ஒரு விளக்கையும் ஃபேனையும் ஓடவிட்டு அழுத்த வேண்டும். லீவர் விழ வேண்டும், விளக்கும் ஃபேனும் நிற்க வேண்டும். லீவர் விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது. லீவர் விழுந்தும் விளக்கு எரிந்தால் யாரோ கருவியைத் தாண்டி இணைத்திருக்கிறார்கள், அல்லது அந்த விளக்கு இந்தக் கருவியின் கீழ் வரவில்லை. ஒரு அறை தவறாமல் எல்லாவற்றையும் இப்படிப் பாருங்கள். இந்தப் பட்டன் எர்த்தைச் சோதிக்காது என்பதையும் கவனியுங்கள். எர்த்தை மின் கம்பியாளர் கருவி வைத்து அளக்க வேண்டும்.

வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவி, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, பில்லோடு வாங்குங்கள். சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் "சர்வீஸ் செய்த" பழைய கருவியை வாங்காதீர்கள். ஆர்.சி.சி.பி.யோடு எம்.சி.பி.யும் கட்டாயம் வேண்டும், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. பம்புசெட்டுக்கு எந்த அளவு கருவி பொருந்தும் என்று தகுதியுள்ள மின் கம்பியாளரிடம் கேட்டு மாட்டுங்கள்.

வேலைக்கு வருபவரிடம், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "ட்ரிப்பரை எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்று ஒருவர் சொன்னால், கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். வேலை முடிந்ததும் அவர் கண்ணெதிரே டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்குள் இருக்கும் ஒயரிங் உங்கள் பொறுப்பு. மீட்டரிலோ, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரிலோ கோளாறு என்றால் நீங்கள் தொடாமல் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இந்த எண் இரவும் பகலும் இயங்கும்.

யாராவது ஷாக் வாங்கிக் கிடந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். அறுந்து விழுந்த கம்பத்து லைன் அருகே போகவே கூடாது. மூச்சு இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள்.

அந்தத் திண்ணை வீட்டில் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தகுதியுள்ள கம்பியாளர் ஒருவர் வந்து பார்த்தார். ட்ரிப்பரில் ஒரு குறையும் இல்லை. குளியலறைத் தகரக் கதவின் நிலையோரம் போன ஒயரின் தோல் உரிந்து, மழை நாளில் தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் தினமும் காலையில் ஈரக் கையால் திறந்து மூடிய கதவு அது. இரண்டு மீட்டர் ஒயரை மாற்றி, கருவியை ஒழுங்காக இணைத்ததும் ட்ரிப்பர் விழுவது நின்றுவிட்டது. அது விழுந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அந்தக் கதவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

நல்ல ஆர்.சி.சி.பி. ஒன்றின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. ஒரு மூட்டை உரத்துக்கும் ஒரு தெளிப்புக்கும் யோசிக்காமல் செலவு செய்கிறோம். இன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அந்தச் சின்னப் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விளக்கு அணைந்தால் நிம்மதியாகத் தூக்கிவிட்டுப் போங்கள். அணையவில்லை என்றால், நாளைக் காலை முதல் வேலை கம்பியாளரை அழைப்பதாக இருக்கட்டும்.